அத்தானுக்கு முன்னால் பிறந்தவள்

தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் இழைமணி கீறிக் காட்டுவேன். முட்டை வடிவில் ஒரு கோடு, உள்ளே நெளிநெளியாக மடிப்பு. "இதுதான் கலத்தின்ர சக்தி வீடு. இது வேலை செய்யாட்டில் உடம்பில ஒண்டும் நடக்காது" என்று சொல்லி, அடிக்கோடு போட்டு, சோதனைக்கு வரும் என்று பயமுறுத்தியும் விடுவேன். பதினொரு வருடமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். என் மகன் இனியன் செத்தது அந்த நெளிநெளியான மடிப்புக்குள் இருந்த பழுதால்தான்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பாடத்தை மட்டும் பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கு "ஈரல் வருத்தம், பிறவியிலேயே" என்று பாதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். மற்றப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் சொந்த மச்சான் மச்சாள். அவருடைய அம்மா என் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலிருந்து எனக்கு அவ மாமி, அவர் அத்தான். கலியாணத்துக்குப் பிறகும் அதே மாமிதான், அதே அத்தான்தான். காலமாகிவிட்ட மாமாவும் மாமிக்குச் சொந்த மச்சான்தான். நான் கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தையில் அப்பாவின் ஃப்ளாட்டிலிருந்து கொட்டாஞ்சேனையில் மாமியின் வீட்டுக்கு மாறினேன், அவ்வளவுதான் வித்தியாசம். அத்தானுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் கம்பனியில் கிளார்க் வேலை.

இனியன் பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ இருந்தான். சுகப் பிரசவம். மூன்றாம் நாள் இரத்தத்தில் சீனி குறைந்து, உடம்பு குளிர்ந்து போனான். பிறந்த பிள்ளைகள் சிலருக்கு வருவதுதான் என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சரியாகிவிட்டது, நான்காம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அவன் சத்தமில்லாத பிள்ளை. தூக்கினால் கையும் காலும் அப்படியே தொங்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "என்ன நல்ல பிள்ளை, ஒரு கரைச்சல் இல்லை" என்று மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டேன். கரைச்சல் தருகிற அளவுக்கு அவனிடம் சக்தி இல்லை என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் நாள் கண் மஞ்சளானது. செங்கண்மாரிதானே, காலை வெயில் காட்டினால் போய்விடும் என்றார்கள். மாமி அவனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் இருப்பா. பத்தாம் நாள் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து, சட்டையை நீக்கித் தொப்புளைப் பார்த்தார். காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி கசிந்தது. தன் புத்தகத்தில் ஒன்றும் எழுதாமல் எழும்பிவிட்டார்.

"அம்மா, இண்டைக்கே கொண்டு போகணும். நாளைக்கு இல்ல, இண்டைக்கு" என்றார்.

கீழே கடை வைத்திருக்கிற ஃபாரூக் நானா கடையை அப்படியே பொடியன்களிடம் விட்டுவிட்டுத் தன் வானை எடுத்தார். போகும் வழி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். இறங்கும்போது அத்தான் ஏதோ சொல்லப் போக, "அதெல்லாம் பொறகு பேசலாம், பிள்ளையப் பாருங்க தம்பி" என்று சத்தம் போட்டார்.

அது அரசாங்க ஆஸ்பத்திரி. வார்டுக்குள் தாய்க்கு மட்டும்தான் இடம். பகலில் ஒரு மணித்தியாலம் மற்றவர்கள் வந்து பார்க்கலாம், அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று. எங்களுக்குக் கிடைத்த டொக்டரின் பெயர் ரிஸ்னா. கொழும்பு முஸ்லிம் பெண், தமிழில் பேசுகிறவர். அதுவே எனக்குப் பாதிப் பயத்தைக் குறைத்தது. மறுநாள் காலை எங்கள் மூன்று பேரையும், அத்தான், மாமி, நான், தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஓம் டொக்டர், மாமான்ர மகள்" என்றார் அத்தான்.

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் குடும்பத்தைக் கீறத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இரட்டைக் கோடு. நானும் கரும்பலகையில் இதைத்தான் கீறுகிறேன். பட்டாணிச் செடியில் தொடங்கி மனுசரில் முடிப்பேன்.

"ரெண்டு பக்கத்திலயும் சின்னப் பிள்ளைகள் யாராவது இறந்திருக்காங்களா? பிறந்து கொஞ்ச நாளிலயே?"

"இல்லை" என்றார் அத்தான். அவருக்கு உண்மையாகவே தெரியாது. டொக்டர் என்னைப் பார்த்தார். மாமி எனக்குப் பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இல்லை, டொக்டர்" என்றேன்.

எனக்குத் தெரியும். அத்தானுக்கு முன்னால் மாமிக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மஞ்சளாகி, ஒரு மாதம் முடிவதற்குள் போய்விட்டது. கலியாணம் பேசிய நாட்களில் என் அம்மா, அவ இப்போது இல்லை, குசினிக்குள் வைத்து இரண்டே வசனத்தில் இதைச் சொன்னா. மூன்றாவது வசனம், "மாமிட்ட வாய் திறந்திடாத." எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியாமல் போன பிள்ளையைச் சேர்த்துச் சொல்லுவதில்லை. அதற்குப் பெயர் இல்லை, படம் இல்லை, திவசம் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் மாமி "ஒருத்தன்தான்" என்பா. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தக் கதையை எடுக்கவே கூடாது, எடுத்தால் பலித்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று நான் நினைத்திருந்தேன். டொக்டரின் மேசைக்கு முன்னால் நின்றபோது அது எனக்கும் இருந்தது. அதோடு மாமியின் முகம். நாற்பது வருடமாக அவ மூடி வைத்ததை அவவின் முன்னாலேயே நான் திறப்பதா என்று இருந்தது. சபை மரியாதை பார்த்தேன்.

டொக்டர் தாளில் எங்கள் வரிசையை மூடினார். அத்தானின் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதன் பிறகு சோதனைகள். ஈரல்தான் இரத்தத்தை உறைய வைக்கிற பொருட்களைச் செய்கிறது, ஈரல் படுத்துவிட்டால் சின்னக் கீறலும் நிற்காது, தொப்புள் கசிந்தது அதனால்தான் என்று விளங்கப்படுத்தினார்கள். ஈரல் ஏன் படுத்தது என்பதுதான் கேள்வி. கிருமியா என்று பார்த்தார்கள், இல்லை. பிறகு, பாலில் இருக்கிற ஒரு சீனியை உடைக்க முடியாத வருத்தமாக இருக்கலாம், முடிவு வரும்வரை தாய்ப்பால் வேண்டாம் என்றார்கள். ஐந்து நாள் அவனுக்குச் சோயா மா கரைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பிழிந்து பிழிந்து சிங்கில் ஊற்றினேன். அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்த ஒரு சிங்கள நர்ஸ் மிஸ், தெரிந்த தமிழில், "அம்மே, ஊத்த வேணாங், பிரிஜ்ல வைப்பங், பபாக்கு பொறகு" என்று ஒரு சின்னப் போத்தலில் பெயர் ஒட்டி வைத்தார். அந்தப் போத்தலில் "பேபி ஒஃப் வாசுகி" என்று எழுதியிருந்தது. அவனுக்கு அதுதான் அப்போது பெயர். ஆறாம் நாள் அந்த வருத்தமும் இல்லை என்று வந்தது. மறுபடி பால் கொடுத்தபோது உறிஞ்ச அவனுக்குத் தெம்பு இருக்கவில்லை. மூக்கால் குழாய் விட்டார்கள்.

லக்டேட் என்று ஒரு சோதனை. நாம் வேகமாக ஓடினால் கால் தசை கடுக்கிறது அல்லவா, அப்போது சேர்கிற அமிலம்தான் அது. அது அவனுடைய இரத்தத்தில் நிறைய இருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற பிள்ளையின் உடம்பு ஓடிக் களைத்தவனின் உடம்பு போல இருந்தது. இழைமணி சரியாக வேலை செய்யாவிட்டால் அப்படி வரும். ஈரல் படுத்தாலும், கிருமி பிடித்தாலும்கூட வரும். எது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

டொக்டர் ரிஸ்னா இரண்டாம் தரம் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குடும்பத்தில வேற யாருக்குமே இப்படி இல்லையா?" அப்போது மாமி பக்கத்தில் இல்லை. நான் தனியாகத்தான் நின்றேன். ஆனாலும் "இல்லை" என்றேன். முதல் நாள் சொன்ன பொய்யை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. சொன்னால் அவளும் இவனும் ஒன்றென்று ஆகிவிடும். அவள் பிழைக்கவில்லை.

அப்பா ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் சாப்பாட்டுப் பார்சலோடு வருவார். இடியப்பம், சொதி, ஒரு முட்டைப் பொரியல். வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் வெளியில் போட்டிருக்கிற மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரிந்தது அப்பாவுக்கும் தெரியும், அவருடைய சொந்த அக்காவின் பிள்ளைதானே. ஒரு நாள் பார்சலைக் கையில் தரும்போது, "டொக்டர் குடும்பத்தைப் பற்றி ஏதும் கேட்டவவே?" என்றார்.

"கேட்டவ."

"சூடு ஆற முன்னம் சாப்பிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள்.

ஈரலில் இருந்து ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. இரத்தம் உறையாத பிள்ளைக்கு அது ஆபத்து. டொக்டர் மூன்றாம் தரம் கேட்டது அப்போதுதான். ஒப்புதல் தாளில் நாங்கள் கையெழுத்து வைக்கும் முன்னால், பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தான் கையெழுத்து வைத்தார். உறைவதற்கு மருந்தெல்லாம் ஏற்றித்தான் செய்தார்கள். அப்படியிருந்தும் உள்ளே இரத்தம் கசிந்தது. அவனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். ஐந்து நாள் நான் அவனைத் தொடவில்லை. கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் எனக்குத் தெரிந்தது அவனுடைய ஒரு பாதம் மட்டும். அதில் குத்திக் குத்திக் கறுத்த அடையாளங்கள் இருந்தன.

அந்த நாட்களில்தான் ஈரல் மாற்றுகிற கதை வந்தது. இந்தியாவில் செய்கிறார்கள், பெற்றவர்களில் ஒருவர் ஒரு துண்டு கொடுத்தால் போதும், கொடுத்தவருக்கு ஈரல் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் வருத்தம் ஈரலோடு நின்றால்தான் அது பயன்படும் என்று டொக்டர் ரிஸ்னா சொன்னார். மூளையிலும் தசையிலும் இருந்தால் ஈரலை மட்டும் மாற்றி ஒன்றும் ஆகாது, பிள்ளையைச் சித்திரவதை செய்வதுதான் மிச்சம். எது என்று தெரிய இரத்தம் இந்தியாவுக்குப் பரம்பரையலகுச் சோதனைக்கு, அதுதான் ஜீன் பார்க்க, போயிருந்தது. முடிவுக்கு மூன்று கிழமை ஆகும்.

அத்தானின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அவரும் என்னுடைய இரத்த வகை, பிள்ளையின் வகையும் அதுதான். நான் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, அதனால் அத்தான்தான் கொடுப்பதாக இருந்தது. ஆனால் அவர் கொஞ்சம் பருத்த ஆள், ஸ்கான் செய்து பார்த்தவர்கள் ஈரலில் கொழுப்பு இருக்கிறது, குறைக்க வேண்டும் என்றார்கள். மறுநாளிலிருந்து அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார், நடந்தே போனார். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. சோறு இல்லை. பாணும் இல்லை. கந்தோரில் அவரைக் கேலி பண்ணுவார்களாம், பிறகு ஏன் என்று தெரிந்ததும் எல்லாரும் சேர்ந்து பயணச் செலவுக்கென்று ஒரு கவர் கொடுத்தார்கள். சேர்ட் தொப்பலாக நனைந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

"பார் வாசு, பெல்ட்டில ரெண்டு ஓட்டை உள்ள போட்டுது. என்ர பெடியனுக்கு நல்ல சாமான் குடுக்கோணும்."

நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் வந்தது. வீட்டில் என்றால் தலை மழித்து, துடக்குக் கழித்து, பெயர் வைப்பார்கள். பிள்ளை மறுபடி வார்டுக்கு வந்திருந்தான். டொக்டரிடம் கெஞ்சி, பத்து நிமிசத்துக்கு மாமியையும் அத்தானையும் உள்ளே விட அனுமதி வாங்கினேன். காதுக்குள் மூன்று தரம் பெயர் சொன்னால் போதும். மாமி குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, கொஞ்சம் திருநீறு கடதாசியில் மடித்துக்கொண்டு வந்தா. மூன்று கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவ பேரனைக் கிட்டத்தில் பார்க்கிறா.

குனிந்தா. அவன் விழித்திருந்தான். அவனுடைய கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துகொண்டிருந்தன. நாலைந்து நாளாக அப்படித்தான் இருந்தது, டொக்டர்களும் குறித்திருந்தார்கள். மாமி அந்தக் கண்களைப் பார்த்தபடியே நின்றா. பெயர் சொல்லவில்லை. "மாமி, சொல்லுங்கோ" என்றேன். அவ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

"அவளுக்கும் இப்பிடித்தான் கண் ஓடினது" என்றா.

"ஆருக்கு அம்மா?" அத்தான் அவவைத் தூக்கப் பார்த்தார்.

"உனக்கு முதல் ஒருத்தி இருந்தவளடா. உன்ர அக்கா. இருபத்தொன்பது நாள். இப்பிடித்தான் மஞ்சள், இப்பிடித்தான் துவண்டு கிடந்தவள். கடைசியில கண் ரெண்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வலிப்பும் வந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னால் இவனையும் கூட்டிக்கொண்டு போயிடுவாள் எண்டு பயந்து சொல்லேல்ல."

சத்தம் கேட்டு டொக்டர் ரிஸ்னா வந்து நின்றிருந்தார். அவரும் மாமிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த நாளில் மஞ்சள், எந்த நாளில் வலிப்பு, இரத்தம் கசிந்ததா. மாமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. ஒரு நாள்கூட மறக்கவில்லை. பிறகு டொக்டர் எழும்பி என்னைப் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

அத்தானும் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லிக் களைத்துப் போயிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

அத்தான் குனிந்து, பிள்ளையின் காதுக்குள் "இனியன், இனியன், இனியன்" என்று தானே சொல்லி முடித்தார். பின்னேரம் வெளி வாங்கில் வைத்துத்தான் கேட்டார். "அம்மாவுக்காகச் சொல்லேல்ல எண்டு விளங்குது. டொக்டரிட்ட வேண்டாம். என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே வாசு. நான் உன்ர புருசன் எல்லோ." அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாமி சொன்னதை வைத்து மூளையை ஸ்கான் செய்தார்கள். ஒன்பது நாள் கழித்து இந்தியாவிலிருந்தும் முடிவு வந்தது. இழைமணிக்குள் அதற்கென்று ஒரு சின்ன டி.என்.ஏ. இருக்கிறது. அது ஓயாமல் பிரதி எடுக்கப்பட வேண்டும். பிரதி எடுக்கத் தேவையான சாமான் கிடைக்கவில்லை என்றால் இழைமணி வெறும் கூடாகிவிடும், முதலில் ஈரலும் மூளையும் அடிபடும். அந்தச் சாமானைச் செய்ய வைக்கிற பரம்பரையலகு அவனுக்கு இரண்டு பக்கமும் பழுது. ஒன்று என்னிடமிருந்து, ஒன்று அத்தானிடமிருந்து. எங்கள் இரண்டு பேரிலும் ஒரு நல்லது, ஒரு பழுது இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பட்டாணிச் செடியில் நான் படிப்பிக்கிற அதே கணக்கு.

"மாத்து ஈரல் வேணாம்" என்றார் டொக்டர். "மூளையிலயும் இருக்கு. செஞ்சாலும் புள்ள இருக்க மாட்டான். வீட்டுக்குக் கொண்டு போங்க. குழாயால பால் குடுக்க மிஸ் காட்டித் தருவாங்க. வலிக்காம இருக்க மருந்து தாறேன்."

அத்தான் "சரி" என்றார். அடுத்த நாள் காலையும் அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தார். வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஃபாரூக் நானாவின் வானில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நானா இந்தத் தரம் ஹோர்ன் அடிக்கவில்லை, குழிகளைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

வீட்டில் நான்கு நாட்கள் வைத்திருந்தோம். அந்த நான்கு நாளையும் என்னால் மணிக்கு மணி சொல்ல முடியும். குழாய், மணி பார்த்து மருந்து, சீனித் தண்ணி, மற்றபடி யாரும் அவனைக் குத்தவில்லை. அத்தான் லீவு போட்டுவிட்டு மேற்சட்டை இல்லாமல் சாய்மனைக் கதிரையில் கிடப்பார், அவன் அவருடைய நெஞ்சில் கிடப்பான். மாமி இளஞ்சூட்டுத் தண்ணியில் துணி நனைத்து அவனுடைய கால்களைத் துடைத்து, குத்திக் கறுத்த இடங்களில் நல்லெண்ணெய் தடவுவா. தடவும்போது தன் மகளைப் பற்றிச் சொல்லுவா. அவளுக்கு மயிர் நிறைய இருந்ததாம், இடது காதில் ஒரு மச்சமாம். நாற்பது வருடமாகச் சொல்லாததை எல்லாம் அந்த நான்கு நாளில் சொன்னா. அத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் நாள் நான் பால் துளி ஒன்றை விரலில் எடுத்து அவனுடைய உதட்டில் வைத்தேன். நக்கினான். நான் அதை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

நான்காம் நாள் மத்தியானம், அப்பா பார்சலோடு வந்து செருப்பைக் கழற்றும் நேரம், அத்தானின் நெஞ்சில் வைத்தே அவனுடைய மூச்சு நின்றது. அத்தானுக்கு அது முதலில் தெரியவில்லை. அவன் நித்திரை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். நான்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மாமிதான் முதலில் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதா.

ஆறு கிழமை கழித்து டொக்டர் ரிஸ்னா எங்களைக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார். இன்னொரு பிள்ளை என்று நினைத்தால் என்ன செய்ய வேண்டும், எந்த மாதத்தில் என்ன சோதனை என்று எல்லாம் விளக்கினார். பெற்ற வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கலியாணம் பேசுகிற மச்சான் மச்சாள்மாருக்கும் சொல்லிவிடச் சொன்னார். நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பெரியம்மாமார் என்னோடு கதைப்பதில்லை, பெடிச்சிகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று கோபம். கோபிக்கட்டும். இதை வாசிக்கிறவர்களின் வீட்டிலும் பெயர் வைக்காத ஒரு பிள்ளை இருந்திருந்தால், டொக்டர் கேட்கிற முதல் நாளே, மாமி பக்கத்தில் நின்றாலும், சொல்லிவிடுங்கள்.

எழும்பும் நேரம் அத்தானை வெளியே போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் நின்றேன்.

"டொக்டர், நான் முதல் நாளே சொல்லியிருந்தால்?"

"இதுக்கு மருந்து இல்ல வாசுகி. நீங்க சொல்லியிருந்தாலும் பிள்ளையக் காப்பாத்தியிருக்க ஏலாது. அத நினைச்சு உங்களப் போட்டு வதைக்க வேணாம்."

"காப்பாத்திறதைக் கேக்கேல்ல. நீங்கள் என்ன செய்திருப்பீங்கள்? உண்மையச் சொல்லுங்கோ."

அவர் மேசையில் இருந்த எங்கள் ஃபைலை மூடினார். நல்ல மனுசி, பொய் சொல்ல வழி தேடியிருப்பார்.

"லக்டேட், சொந்தத்துக்குள்ள கலியாணம், அதே மாதிரி இன்னொரு பிள்ளை. ஒரு கிழமையில எனக்கு விளங்கியிருக்கும்" என்றார். "மூளைய அப்பவே ஸ்கான் பண்ணியிருப்பேன். ஈரல்ல ஊசி போட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். டொக்டர் முதல் கேட்டது பதினோராம் நாள். ஒரு கிழமை போக, பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்போம். நாற்பத்து நான்காம் நாள் போனான். ஊசி இல்லாமல், கண்ணாடி இல்லாமல், எங்களிடம் அவன் இருபத்தைந்து நாள் இருந்திருப்பான். கீழே அத்தான் ஃபாரூக் நானாவின் வானுக்குப் பக்கத்தில் நின்று, "என்ன கேட்டனி?" என்றார். இந்தத் தரம் நான் சொன்னேன்.